ஹியூ பிரபுவின் மாமாவும் என் மாமாவும்

ஹட்டன் கந்தோரில் என் மேசைக்கு வரப்போகும் உங்கள் இருவருக்கும் உதவியாக ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகும்படி செயலாளர் ஐயா சொன்னார். விண்ணப்பங்களை எப்படி நிரப்புவது என்பதை அவரே உங்களுக்குக் காட்டிவிடுவார். நான் சொல்லக்கூடியது வேறு. அதை ஒரு முறை எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதியதில் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டியிருந்தேன், அதையும் கிழித்தேன். மூத்தவள் தூங்குகிறாள். வயிற்றில் இருப்பது உதைத்துக்கொண்டிருக்கிறது. இந்த முறை எழுதி முடித்துவிட வேண்டும்.

நம்மிடம் வருகிறவர்களுக்குப் பிரஜாவுரிமை வேண்டும். அதற்கு அவர்கள் யார் பிள்ளை, தகப்பன் எங்கே பிறந்தார் என்று காட்ட வேண்டும். அப்படிக் குடும்பங்களைத் தேடிக் கோடு போட்டுச் சேர்க்கிற வேலையை நான் இந்தக் கந்தோரில் கற்கவில்லை. செத்துப் பல நூறு வருஷமான ஓர் ஆங்கிலப் பிரபுவின் குடும்பத்தைத் தேடித்தான் கற்றேன். நம்ப மாட்டீர்கள். நானே சில நாள் நம்புவதில்லை.

வட்டகொடைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு சின்ன பங்களாவில், ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் துரை ஒருவர் தம் தங்கையோடு குடியிருந்தார். எங்கள் பக்கத்தில் அவரைப் புஸ்தகத் துரை என்பார்கள். இங்கிலாந்தில் மிகப் பழைய காலத்தில் வாழ்ந்த ஹியூ என்ற பிரபுவைப் பற்றி அவர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பிரபு பெரிய சண்டை எதிலும் ஜெயித்தவர் இல்லை. அவர் தாய் யார், மனைவி எந்த வீட்டுப் பெண், எந்தப் பிள்ளை யாருக்குப் பிறந்தது என்று எதுவுமே நிச்சயமில்லை. துரைக்கு அதுதான் பிடித்திருந்தது. தம் தாய்வழி அந்த வம்சத்தில் போய்ச் சேருகிறது என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது.

என் கணவர் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். ஆங்கிலம் தெரியும், தட்டச்சு தெரியும், கையெழுத்தும் நன்றாக இருக்கும். துரைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டேன். மகள் அப்போது கைக்குழந்தை. அவளையும் கொண்டு வரலாமா என்று தயங்கிக் கேட்டேன்.

"கொண்டு வா. அழுதாலும் ஹியூவுக்குக் கேட்காது" என்றார் துரை.

வராந்தாவில் கொழுந்துக் கூடையில் துணி விரித்து அவளைத் தூங்க வைப்பேன். உள்ளே மேசையில் ஒரு காதை அவளிடம் விட்டுவிட்டு, சீமையிலிருந்து வந்த பத்திரப் பிரதிகளைப் படித்து, பெயர்களை எடுத்து, வம்சப் படம் வரைவேன். அதில் துரைக்கு ஒரே கண்டிப்பு இருந்தது. அப்பன், மகன், மனைவி என்று நமக்குத் தெரிந்த உறவுக்கு முழுக்கோடு. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிற உறவுக்குப் புள்ளிக்கோடு. "தோன்றுவதைத் தெரிந்ததாகப் போடாதே. அது பொய்" என்பார்.

பங்களாவில் சமைத்த அப்புவுக்கு இந்த வேலையைப் பார்த்தால் சிரிப்பு. "ஏம்மா, செத்துப்போன வெள்ளக்காரனுக்கெல்லாம் சொந்தம் தேடிக் குடுக்குறீங்களே. என் மச்சினன் கடன வாங்கிட்டு எங்கிட்டோ ஓடிட்டான், அவனக் கொஞ்சம் தேடிக் குடுங்களேன்" என்று தேநீர் வைக்கும்போதெல்லாம் கேட்பார்.

ஒரு தடவை இரண்டு பத்திரப் பிரதிகள் சேர்ந்து வந்தன. இரண்டிலும் ஹியூ பிரபு ஒரு மடத்துக்கு நிலம் கொடுக்கிறார். ஒன்றில், தம் தாயின் சகோதரரான ரால்ஃபின் ஆத்துமத்துக்காகக் கொடுப்பதாகச் சொல்கிறார். மற்றதில், தம் மனைவியின் தகப்பனாரான ரால்ஃபின் ஆத்துமத்துக்காக. துரை நுவரெலியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "படம் போட்டு வை, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. ஒரே ரால்ஃப். அம்மாவின் தம்பி, அவர் மகளை ஹியூ கட்டியிருக்கிறார். நம் தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு வீடு நடப்பதுதானே? முழுக்கோடாகவே போட்டேன். புள்ளி வைக்க வேண்டும் என்ற நினைப்புக்கூட வரவில்லை. நம் வீட்டு வழக்கம் எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று நான் நினைத்ததாகச் சொல்ல மாட்டேன். நினைக்கவே இல்லை, அதுதான் பிசகு. நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிசகு.

துரை திரும்பி வரும்போது கூடவே ஒரு தோட்டத் துரையும் அவர் மனைவியும் தேநீருக்கு வந்தார்கள். துரை படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே அவர்களிடம் நீட்டினார். சொந்த மாமன் மகளைக் கட்டுவதைத் திருச்சபை அந்தக் காலத்தில் அடியோடு தடுத்திருந்தது. ஆகவே ரால்ஃப் என்று இரண்டு பேர் இருந்திருக்க வேண்டும். இந்தப் பெண் தன் தோட்டத்து வழக்கத்தை ஹியூவின் தலையில் கட்டிவிட்டாள் என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

வந்த துரைசாணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியானால் உன் புருஷனும் உனக்கு அப்படித்தானா, பெண்ணே?"

நான் வாயைத் திறப்பதற்குள் துரை முந்திக்கொண்டார். "சேச்சே. அவள் கத்தோலிக்கப் பெண், மடத்தில் படித்தவள். அவள் சபை அதை அனுமதிக்காதே. இது வேறு மாதிரிக் கல்யாணம்."

என் கணவர் என் அம்மாவின் சொந்தத் தம்பி மகன். மேற்றிராணியாரின், அதாவது பிஷப்பின், விசேஷ உத்தரவு வாங்கித்தான் பங்குச் சுவாமியார் எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். சபை தடுக்கும், கேட்டால் உத்தரவும் கொடுக்கும். ஹியூவின் காலத்தில் பாப்பரசரும் அப்படிக் கொடுத்திருக்கலாம். இது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதைச் சொல்லியிருந்தால் ஹியூவுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. துரை என்னைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வராந்தாவில் குழந்தை சிணுங்கியது. நான் எழுந்து போய்விட்டேன்.

அப்பு தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். ஆங்கிலம் அவருக்குப் போதிய அளவு புரியும். மறுநாள் கேட்டார்: "ஏம்மா, மாஸ்டர் ஒங்க மாமா மகன் இல்லியா? முந்தாநாள் வரைக்கும் இருந்தாரே?"

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "நம்ம மாதிரி ஒரு குடும்பம் அங்கயும் இருந்திருக்கலாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன், மச்சான்."

பாருங்கள், வீட்டில் அவர் எனக்கு மச்சான். பங்களாவில் அவரைப் பற்றிப் பேசும்போது மாஸ்டர் என்றுதான் சொல்வேன். அது மரியாதைக்காக என்றே நினைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு நிச்சயமில்லை. அடுத்த வாரம் துரை சொன்னபடி இரண்டு ரால்ஃப் போட்டுப் படத்தைத் திருத்தி வரைந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கணவரின் பிரஜாவுரிமை விசாரணை வந்தது. அது கிடைக்காவிட்டால் அவருடைய வேலை நிரந்தரமாகாது. வேலையே போனாலும் போகலாம். மகளும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவளாக வளர வேண்டும். அவர் தகப்பனார், அதாவது என் மாமா, இந்த மலையில்தான் பிறந்தார் என்று காட்ட வேண்டும். மாமா இறந்துவிட்டார். அவர் பிறந்ததைத் தோட்டத்தில் யாரும் பதிந்து வைக்கவில்லை. எங்கள் குடும்பம் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததே அவர் வளர்ந்த பிறகுதான்; கோயிலிலும் குழந்தை ஞானஸ்நானம் கிடையாது. எஞ்சியிருந்த சாட்சி என் அம்மா. அவர் மாமாவுக்கு அக்கா. தம்பி பிறந்தபோது பக்கத்தில் நின்றவர்.

செய்தி அறிந்த புஸ்தகத் துரை தாமாகவே ஒரு நற்சாட்சிக் கடிதம் தருவதாகச் சொன்னார். வெள்ளைக்காரத் துரையின் கையெழுத்து என்றால் சும்மாவா? எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அவர் நடந்துகொண்டே சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். மாஸ்டரின் நடத்தை, குடும்பத்தின் ஒழுங்கு என்று நன்றாகவே போயிற்று. பிறகு ஜன்னல் பக்கம் நின்று சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்பு இரண்டு குடும்பங்களுக்கும் எந்த இரத்த உறவும் இல்லை. ஆகவே மனைவியின் வீட்டார் இவரைப் பற்றிச் சொல்வதைப் பாரபட்சமற்ற சாட்சியாகக் கொள்ளலாம்."

அவர் உதவி செய்வதாகத்தான் நினைத்தார். சாட்சி பலமாக வேண்டுமென்று யோசித்து யோசித்துச் சேர்த்த வரி அது.

என் விரல்கள் நின்றன. "என்ன?" என்றார். "ஒன்றுமில்லை, சார்" என்றேன். இப்போது சொன்னால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அன்றைய சிரிப்பெல்லாம் திரும்பி வரும். கடிதமே வேண்டாம் என்று விட்டுவிட்டால்? வேலைக்கும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால்? இப்படியெல்லாம் நினைத்தேன். அதிகாரி கையெழுத்தைத்தான் பார்ப்பார், ஒவ்வொரு வரியையுமா படிப்பார் என்றும் நினைத்துக்கொண்டேன். அடித்து முடித்து, தட்டச்சு செய்கிறவர்கள் வழக்கப்படி கடிதத்தின் அடியில் என் பெயரின் முதலெழுத்துகளையும் போட்டேன்.

விசாரணை நாளில் அம்மா பெட்டியிலிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். "இவர் உங்களுக்கு யார்?"

"என் கூடப்பொறந்த தம்பி மகனுங்க. தம்பி பொறந்தது எங்க லயத்துலதாங்க. அம்மாவுக்கு நோவு கண்டப்ப வேல வாங்குற கண்டாக்கையா வீட்டுக்கு ஓடிப்போயி சொன்னவளே நாந்தானுங்க."

"நீங்கள் இவருடைய மாமியார் என்று இங்கே இருக்கிறதே?"

"அதுவுந்தாங்க. தம்பி மகன் எனக்குப் பொறந்தப்பவே மருமகன்தானே? பொறவு மகளையும் குடுத்தோம்."

மொழிபெயர்ப்பாளர் புன்னகைத்தார். அதிகாரி புன்னகைக்கவில்லை. துரையின் கடிதத்தை எடுத்தார். அவர் ஒவ்வொரு வரியையும் படிக்கிறவர். அந்த இடத்தில் விரலை வைத்து, உரக்கப் படித்து, அம்மாவுக்குச் சொல்லும்படி மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். இரண்டு குடும்பங்களுக்கும் இரத்த உறவு இல்லை. ஆகவே இந்த அம்மா தம்பி மகனுக்குச் சாட்சி சொல்லும் அத்தை இல்லை என்றார் அதிகாரி. மருமகனின் வேலைக்காகக் கதை சொல்லும் மாமியார்.

"இதைத் தட்டச்சு செய்தவர் யார்?" அடியிலிருந்த எழுத்துகளைப் பார்த்துக் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். குழந்தை இடுப்பில் இருந்தாள். "நான்தான், ஐயா. அந்த வரி தவறு. அது துரையின் தவறில்லை. அவர் அப்படி நினைத்திருந்தார், நான் திருத்தவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர்தான்."

"தெரிந்தே அடித்தீர்களா?"

"ஆமாம், ஐயா."

"ஏன்?"

அதற்கு என்னிடம் பதில் வரவில்லை. ஆங்கிலத்திலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தார். விசாரணை அறை என்பதையே மறந்து, வீட்டில் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்:

"ஏன்டி, எங்கள வேணாம்னா எழுதிக் குடுத்துட்ட?"

அவர் கேட்டதை அதிகாரிக்குச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் வாயெடுத்தார். பிறகு சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த மனிதர் நல்லவர்.

திருத்திய கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். பங்களாவுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் துரை முகம் சிவந்தது. "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்றார். பிறகு கேட்டார்: "உன் சபை எப்படி அனுமதித்தது?"

"மேற்றிராணியார் உத்தரவு கொடுத்தார், சார். கேட்டால் கொடுப்பார்கள்."

அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அலமாரிப் பக்கம் போனார். "உத்தரவு! அப்படியானால் ரால்ஃப்… ஒருவனாகவே இருக்கலாமே! நான் ஏன் பாப்பரசரின் பத்திரங்களில் தேடவில்லை?" என்று சொல்லிக்கொண்டே புத்தகங்களை இழுத்து மேசையில் போட்டார். அவ்வளவு சந்தோஷம். அவருடைய தங்கை, அந்த வீட்டுத் துரைசாணி, வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். "முதலில் அவளுடைய கடிதம்" என்றார். அவர் அதிகம் பேசாதவர். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் மறப்பதில்லை.

துரை புதுக் கடிதம் சொன்னார். "அவர்கள் உறவினர் என்று மனைவி இப்போது என்னிடம் தெரிவிக்கிறார்" என்று ஆரம்பித்தார்.

"நிச்சயமாக எழுத முடியாதா, சார்?"

"எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை முதல் கடிதத்தில் எழுதினேன். அதுவே தப்பாகப் போயிற்று. இனி நீ சொல்வதைத்தான் நான் எழுத முடியும், பெண்ணே."

அவர் சொன்னது நியாயம். தோன்றுவதற்குப் புள்ளிக்கோடு. அந்த விதியை என் கையாலேயே நான் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன்.

புள்ளிக்கோடு போதவில்லை. மேற்றிராணியார் உத்தரவின் பிரதியை வாங்கிக் கொடுத்தோம். நீங்கள் சுவாமியாரிடம் சொன்னதைத்தானே அவர் மேற்றிராணியாருக்கு எழுதியிருக்கிறார் என்றார்கள். சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பள்ளிக்கூட வேலை போயிற்று. கணவர் இப்போது மஸ்கெலியாவில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார்; சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வருவார். அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

துரையின் புத்தகம் சீமையில் அச்சாகி வந்தது. ஒரு பிரதி எனக்கும் அனுப்பினார். பாப்பரசரின் உத்தரவை அவர் தேடிக் கண்டுபிடித்திருந்தார். படத்தில் ஒரே ரால்ஃப், முழுக்கோடு. ஹியூவின் குடும்பம் நிச்சயமாகிவிட்டது.

அதன் பிறகுதான் இந்தக் கந்தோருக்கு வந்தேன். இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். உங்கள் மேசைக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து, அப்பா யார் என்ற கேள்விக்குத் தெரியாது என்றோ, கூடத் தங்கியிருப்பவர் யார் என்பதற்குச் சொந்தம் ஒன்றுமில்லை என்றோ சொல்லும்போது, தெரியாது என்று எழுதிக்கொண்டு மேலே போய்விடாதீர்கள். வழக்கம் இப்படி, சட்டம் இப்படி, ஆகவே இவர் குடும்பமும் இப்படித்தான் என்று நீங்களாக நிரப்பவும் வேண்டாம். நான் நம் வழக்கத்தை வைத்து ஹியூவுக்குக் கோடு போட்டேன்; துரை சபையின் சட்டத்தை வைத்து எனக்குக் கோடு போட்டார். இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா? அது எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் தனியாக, சிரிக்காமல், இன்னொரு முறை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். படத்தில் உள்ள வெற்றிடங்களில் பாதி, வெட்கத்தால் வெறுமையாக விடப்பட்டவை.

அதனால் நான் ஒன்று செய்வேன். கேட்பதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுவேன். அதிகாரி முன்னால் என் அம்மாவை அம்மாவின் தம்பியிடமிருந்து பிரித்து எழுதிக் கொடுத்தவள் நான் என்று. ராகலையிலிருந்து வந்த ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, "அம்புட்டுதானா? என்னுது இதவிட மோசம், தாயி" என்று சொல்லி, தம் அப்பா இன்னொரு குடும்பத்தோடு போனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய விண்ணப்பம் அன்றே நிரம்பியது. இப்படிச் சொல்வது சரிதானா, மேசைக்குப் பின்னால் இருப்பவர் இவ்வளவு பேசலாமா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசிப்பேன். உங்களுக்கு வேறு வழி தோன்றினால் அதைச் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. மறுக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்திருக்கும் கோப்புகள் ஜன்னல் பக்கத்து அலமாரியில் இருக்கின்றன. அதில் எங்களுடையதும் ஒன்று. சொந்தக் கோப்பை நானே பார்ப்பது முறையில்லை என்று செயலாளர் ஐயா சொல்லிவிட்டார், சரிதான். உங்களில் ஒருவர் அதை எடுக்க வேண்டியிருக்கும். அம்மாவிடம் மறுபடி வாக்குமூலம் வாங்க லயத்துக்குப் போவீர்கள். அவர் இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும்போது வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமா? சொந்தக்காரங்க வீடுதானே இது?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். உங்களிடமும் ஏதாவது அப்படிச் சொல்வார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு என்னிடம் வருவீர்கள். தெரிந்தே ஏன் அடித்தீர்கள் என்று அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் கோப்பில் இல்லை. மேலே இருப்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இங்கே எழுதியதை எடுத்து ஒட்டிவிட முடியாது. என் வாயால் சொல்லி, நான் கையெழுத்துப் போட வேண்டும். உங்களுக்கு முன்னால் வேலை பார்த்த அக்கா என்று பார்க்காமல் கேளுங்கள். நான் குழந்தைக்குப் பால் வைக்க எழுந்து போவேன். உட்கார்ந்திருந்து, நான் திரும்பி வந்ததும் மறுபடி கேளுங்கள்.